சிக்கனத்தின் கணக்கும் காலநிலையின் கணக்கும்: களமசேரியிலிருந்து பார்க்கும் ஒரு விமான ஆய்வு வரலாறு

2015 ஆகஸ்ட் 18 அன்று நெடும்பாசேரியில் உள்ள கொச்சி பன்னாட்டு விமான நிலையத்தில் 12 மெகாவாட் சூரிய மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. முழுவதும் சூரிய ஆற்றலால் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. வளைகுடா நாடுகளில் உழைத்தவர்கள் உள்ளிட்ட வெளிநாடுவாழ் இந்தியர் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரின் முதலீட்டைக் கொண்டு 1999இல் திறக்கப்பட்ட நிலையம் அது. 2018இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உயரிய விருதும் அதைத் தேடி வந்தது. இந்திய உள்கட்டமைப்பு வரலாற்றில் இது பெருமைக்குரிய ஓர் அத்தியாயம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 12 மெகாவாட் நிலையம் நாளொன்றுக்குத் தரும் மின்சாரம் ஏறத்தாழ 50,000 யூனிட். ஒரு கிலோ விமான எரிபொருளில் அடங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 12 யூனிட். ஆகவே, அந்தச் சூரியத் தகடுகளின் ஒரு நாள் விளைச்சல் சுமார் நான்கு டன் எரிபொருளின் ஆற்றலுக்குச் சமம். கொச்சியிலிருந்து ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள துபாய்க்கு ஓர் ஏர்பஸ் ஏ320 விமானம் ஒருமுறை பறக்க 8 முதல் 10 டன் எரிபொருள் வேண்டும். நாள் முழுவதும் சேர்த்த வெயில், ஒரே ஒரு விமானத்தின் ஒருவழிப் பயணத்தில் பாதி தூரத்தைக்கூடத் தாண்டாது.

நிலையத்தின் கணக்கேடு கட்டடத்தோடும் ஓடுதளத்தோடும் முடிந்துவிடுகிறது. ஓடுதளத்தை விட்டு மேலெழும் விமானத்தின் கணக்கு வேறோர் ஏட்டில் எழுதப்படுகிறது. அந்த ஏட்டின் வரலாறே இக்கட்டுரையின் பொருள். விமானத்தின் எரிபொருள் செலவைக் குறைக்கும் ஆய்வும், அதன் காலநிலைத் தாக்கத்தைக் குறைக்கும் ஆய்வும் ஒன்றே என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. பெரும்பகுதி அது உண்மையுங்கூட. ஆனால் இரண்டும் பிரியும் இடங்கள் உண்டு. அந்தப் பிரிவை அறிந்துகொள்வதற்கு வேண்டிய கருவிகளுள் ஒன்று, நெடும்பாசேரிக்குத் தெற்கே களமசேரியில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது.

மூன்று வழிகள்

ஒரு விமானம் குறிப்பிட்ட எரிபொருளைக் கொண்டு எவ்வளவு தூரம் பறக்கும் என்பதைக் கணிக்கும் சமன்பாடு, பிரெஞ்சு விமானக் கட்டுமான முன்னோடி லூயி பிரெகேயின் பெயரால் வழங்குகிறது. அது காட்டும் வழிகள் மூன்று. எஞ்சின் குறைந்த எரிபொருளில் அதிக உந்துதல் தர வேண்டும். இறக்கை குறைந்த இழுவிசையில் அதிகத் தூக்குவிசை தர வேண்டும். விமானத்தின் வெற்று எடை குறைய வேண்டும். கடந்த ஒரு நூற்றாண்டில் விமானச் சிக்கனத்துக்காக நடந்த ஆய்வு ஏறக்குறைய முழுவதையும் இம்மூன்றில் ஒன்றின்கீழ் வைத்துவிடலாம்.

இரண்டாவது வழியில் இந்தியாவின் பங்கு பலர் நினைப்பதைவிடத் தொன்மையானது. சதீஷ் தவான் 1951இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். காற்று ஒரு பரப்பை உரசிச் செல்லும்போது எழும் உராய்வை நேரடியாக அளப்பது அவருடைய ஆய்வு. அதன் அறிக்கையை அமெரிக்க வானூர்தி ஆலோசனைக் குழு 1953இல் வெளியிட்டது. நாடு திரும்பிய தவான், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். அவரிடம் பயின்ற ரொத்தம் நரசிம்மா, பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய எல்லைப் படலத்தில் சீரான ஓட்டம் எவ்வாறு கொந்தளிப்பாக மாறுகிறது என்ற வினாவை எடுத்துக்கொண்டார். இருவரும் இணைந்து 1958இல் வெளியிட்ட கட்டுரை, அந்த மாற்றம் நிகழும் இடைப்பகுதியைக் கணக்கிட ஒரு வழியைத் தந்தது. பின்னாளில் எஞ்சின் சுழலித் தகடுகளின் மீதான ஓட்டத்தைக் கணிக்கவும் அவ்வழி பயன்பட்டது. நரசிம்மா தம் பிற்காலத்தில் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில், முற்செலுத்தியின் காற்றோட்டம் படும் இறக்கைக்கு எந்த வடிவம் இழுவிசையைக் குறைக்கும் என்ற வினாவுக்கு வந்து சேர்ந்தார். அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய அக்கட்டுரை 2015இல் வெளிவந்தது. கொச்சியில் சூரியத் தகடுகள் விரிந்ததும் அதே ஆண்டில்தான்.

விலை ஏறும்போது பிறந்து, இறங்கும்போது மறையும் ஆய்வு

இந்த வரலாற்றில் பொருளாதாரத்தின் கை எவ்வளவு வலியது என்பதை 1973 காட்டியது. அந்த ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது. அதன் விளைவாக 1976இல் அமெரிக்காவின் நாசா, விமான ஆற்றல் சிக்கனத்துக்கென ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. இன்று எந்த விமான நிலையத்திலும் காணக்கூடிய, மேல்நோக்கி வளைந்த இறக்கை நுனி அக்காலத்தில் ரிச்சர்ட் விட்கோம் செய்த ஆய்விலிருந்து வந்தது. கார்பன் இழைப் பாகங்களைப் பயணியர் விமானங்களில் பொருத்திச் சோதிக்கும் துணிவும் அப்போது பிறந்தது.

அத்திட்டத்தின் மிகத் துணிச்சலான விளைவு, உறையின்றித் திறந்த நிலையில் சுழலும் வளைந்த தகடுகள் கொண்ட எஞ்சின். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் இத்தகைய எஞ்சின் 1986இல் போயிங் 727 விமானத்தில் பொருத்திப் பறக்கவிடப்பட்டது. எரிபொருளில் கால்பங்குக்கும் மேல் மிச்சமாகும் என்பது நம்பிக்கை. இந்த ஆய்வுக்கு 1987ஆம் ஆண்டுக்கான கோலியர் விருது கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே, 1986இல், எண்ணெய் விலை சரிந்துவிட்டிருந்தது. எரிபொருள் மலிவானதும் விமான நிறுவனங்களுக்குப் புதிய எஞ்சினின் தேவை மறைந்தது. இரைச்சல், பாதுகாப்பு குறித்த ஐயங்களும் சேர்ந்துகொள்ள, திட்டம் கிடப்பில் போடப்பட்டது. 2021இல் சி.எஃப்.எம். நிறுவனம் திறந்த தகடு எஞ்சினை மீண்டும் அறிவித்தது. இம்முறை சொல்லப்பட்ட முதற்காரணம் காலநிலை. இடையில் கழிந்தவை முப்பத்தைந்து ஆண்டுகள். இயற்பியல் அந்த ஆண்டுகளில் மாறிவிடவில்லை. மாறியது எண்ணெய் விலை மட்டுமே.

இந்தியாவில் மூன்றாவது வழியான எடைக்குறைப்பே முதன்மையான ஆய்வுக்களமாக அமைந்தது. 1959இல் தொடங்கப்பட்ட தேசிய விண்வெளி ஆய்வகம் பெங்களூருவில் கூட்டுப்பொருள் தொழில்நுட்பத்தை வளர்த்தெடுத்தது. இருவர் அமரும் ஹன்ஸா விமானம் முழுவதும் இழைக் கூட்டுப்பொருளாலானது. 1993இல் முதன்முதலில் பறந்தது. 2001இல் பறந்த தேஜஸ் போர் விமான உடலின் எடையில் 45 விழுக்காடு அளவுக்குக் கூட்டுப்பொருள் இடம்பெற்றது. பயணியர் விமானத்தில் இதே வெற்றி வாய்க்கவில்லை. பதினான்கு பேர் அமரும் சரஸ் என்னும் டர்போபிராப் விமானம் 2004 மே மாதம் முதன்முதலில் பறந்தது. அதன் எடை வடிவமைப்பில் குறித்ததைவிடப் பல நூறு கிலோ கூடுதலாக இருந்தது. 2009 மார்ச் 6 அன்று இரண்டாம் மாதிரி பெங்களூருக்கு அருகே விழுந்து நொறுங்கியதில் விமானப்படையின் சோதனைக் குழுவினர் மூவர் உயிரிழந்தனர். திட்டம் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்து, 2018 ஜனவரியில்தான் மீண்டும் வானேறியது. எடை என்பது எரிபொருள் கணக்கில் வரும் ஓர் எண் மட்டுமன்று, ஒரு தேசியத் திட்டத்தின் ஆயுளையே தீர்மானிக்கக்கூடியது என்பதைச் சரஸின் வரலாறு சொல்கிறது.

டர்போபிராப் குறுந்தொலைவுக்கு ஜெட்டைவிடக் கணிசமாகச் சிக்கனமானது, சற்று மெதுவானது, சிறிய ஓடுதளத்திலும் இறங்கும். இந்தக் கடைசிப் பண்பின் பயனைக் கொச்சி மக்கள் 2018இல் நேரில் கண்டனர். ஆகஸ்ட் 15 அன்று பெரியாற்று வெள்ளம் நெடும்பாசேரி ஓடுதளத்தை மூழ்கடித்தது. நிலையம் 29ஆம் நாள்வரை மூடிக்கிடந்தது. அந்நாட்களில் கொச்சிக்கு வந்த பயணியர் சேவை, வெலிங்டன் தீவின் கடற்படைத் தளத்தில் இறங்கிய சிறிய ஏ.டி.ஆர். டர்போபிராப் விமானங்களால்தான் நடந்தது.

தேங்காயும் காட்டாமணக்கும்

அதே ஆகஸ்டில், நெடும்பாசேரி இன்னும் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தபோது, 27ஆம் நாள் டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் கியூ400 டர்போபிராப் ஒன்று பறந்தது. அதன் எரிபொருளில் 25 விழுக்காடு காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து வந்தது. உருவாக்கியது டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலியக் கழகம். உயிரி எரிபொருளில் பறந்த இந்தியாவின் முதல் விமானம் அதுவே. 2019 குடியரசு நாள் அணிவகுப்பில் விமானப்படையின் ஏ.என்.-32 விமானமும் இதே கழகத்தின் எரிபொருள் கலவையில் பறந்தது.

இந்த ஆய்வின் சிக்கலைக் கேரளத்து அடுக்களை எளிதாக விளக்கிவிடும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் உறைந்துவிடுகிறது. விமான எரிபொருளோ கழித்தல் 47 பாகை வரை உறையாதிருக்க வேண்டும். ஆகவே தாவர எண்ணெயை ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்து, அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கி, நீண்ட மூலக்கூறுகளை நறுக்கி, கிளைவிடச் செய்து, மண்ணெண்ணெயின் தன்மைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அப்படிச் செய்த பின்னும் இன்னொரு தடை உண்டு. வழக்கமான எரிபொருளில் உள்ள அரோமேட்டிக் சேர்மங்கள் எஞ்சினின் ரப்பர் அடைப்புகளை உப்பச் செய்து கசிவைத் தடுக்கின்றன. இவ்வாறு செய்யப்படும் உயிரி எரிபொருளில் பொதுவாக அவை இருப்பதில்லை. இதனால் 2011இல் வந்த பன்னாட்டுத் தர விதி கலப்பின் உச்சத்தை 50 விழுக்காடாக வைத்தது.

மூலப்பொருளின் அளவு இன்னும் பெரிய தடை. 2008 பிப்ரவரியில் வர்ஜின் அட்லாண்டிக் நிறுவனம் லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ஒரு போயிங் 747 விமானத்தைப் பயணியரின்றிப் பறக்கவிட்டது. நான்கு எஞ்சின்களில் ஒன்றுக்கான எரிபொருளில் மட்டும் 20 விழுக்காடு தேங்காய், பபாசு பனை எண்ணெய்களிலிருந்து வந்தது. மொத்தத்தில் 5 விழுக்காடு. அதற்கே ஏறத்தாழ 1,50,000 தேங்காய்கள் வேண்டியிருந்ததாக அக்காலச் செய்திகள் கூறின. ஒரு மணி நேரம்கூட ஆகாத ஒரு பயணத்தின் இருபதில் ஒரு பங்குக்கு இவ்வளவு என்றால், தென்னந்தோப்பைக் கொண்டு வானத்தை நிரப்ப முடியாது என்பது விளங்கும். உண்ணப்படாத வித்து என்பதால் காட்டாமணக்கு மீது இந்தியா நம்பிக்கை வைத்தது. 2003இல் திட்டக்குழுவின் அறிக்கை, 2011–12க்குள் டீசலில் 20 விழுக்காடு உயிரி டீசல் கலப்பதை இலக்காக்கியது. தரிசு நிலத்தில், நீரும் உரமுமின்றி, எதிர்பார்த்த விளைச்சலைக் காட்டாமணக்கு தரவில்லை. இலக்கு எட்டப்படவில்லை.

இங்குதான் இரு கணக்குகளும் முதன்முறையாகப் பிரிகின்றன. இறக்கை நுனியை வளைத்தால் காலநிலைக்கும் நன்மை, நிறுவனத்தின் பணப்பைக்கும் நன்மை. உயிரி எரிபொருளில் காலநிலைக்கு நன்மை கிடைக்கலாம்; ஆனால் அது வழக்கமான எரிபொருளைவிட விலை கூடியது. எனவே ஆய்வகத்தில் வென்ற பின்னும் அது தானாகச் சந்தைக்கு வருவதில்லை. சட்டம் தள்ள வேண்டியிருக்கிறது. பன்னாட்டுப் பயணங்களில் 2027இல் 1, 2028இல் 2, 2030இல் 5 விழுக்காடு கலப்பு என்ற இந்தியாவின் இலக்கு அத்தகைய உந்துதல்தான்.

வெண்தடத்தின் புதிர்

இரண்டாவது பிரிவு இதைவிட நுட்பமானது. ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடும், ஏறத்தாழ 1.24 கிலோ நீராவியும் வெளியேறுகின்றன. உயரத்தின் கடுங்குளிரில் அந்த நீராவி புகைக்கரித் துகள்களைப் பற்றிப் பனித்துகள்களாகி, விமானத்தின் பின்னால் வெண்தடமாக நீள்கிறது. சுற்றியுள்ள காற்று உலர்ந்திருந்தால் தடம் சில நொடிகளில் மறையும். ஈரம் மிகுந்திருந்தால் மணிக்கணக்கில் பரவி மெல்லிய மேகமாகிறது. பகலில் அது வெயிலைத் திருப்பிக் குளிர்விக்கவும் கூடும். இரவில் பூமியின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்த மட்டுமே செய்யும். டேவிட் லீ தலைமையிலான குழு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, விமானப் போக்குவரத்தின் மொத்த வெப்பமூட்டலில் மூன்றில் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு அல்லாத காரணங்களால் வருகிறது. அவற்றுள் வெண்தட மேகங்களே பெரிது. நிச்சயமின்மையும் அங்கேதான் மிகுதி.

இதில் சிக்கனத்துக்கும் காலநிலைக்கும் நேரடி முரண் ஒன்று உண்டு. திறன்மிக்க எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் கூடுதல் பங்கை உந்துதலாக மாற்றுகிறது. ஆகவே புகை குறைந்த சூட்டில் வெளியேறுகிறது. சூடு குறைந்த புகையில் நீராவி எளிதில் பனியாகிறது. 1999இல் ஜெர்மானிய ஆய்வாளர் உல்ரிக் ஷூமானின் குழு இதை வானிலேயே சோதித்தது. பழைய போயிங் 707 ஒன்றும் அதைவிடத் திறன்மிக்க ஏர்பஸ் ஏ340 ஒன்றும் அருகருகே பறந்தன. குறிப்பிட்ட உயரத்தில் புதிய விமானத்தின் பின்னால் வெண்தடம் தோன்றியது. பழையதன் பின்னால் தோன்றவில்லை. எரிபொருளை மிச்சப்படுத்திய எஞ்சினே தடத்தை உண்டாக்கியது.

2023இல் கூகுள் நிறுவனமும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் இணைந்து 70 பயணங்களில் ஒரு சோதனை நடத்தின. ஈரம் மிகுந்த அடுக்குகளைத் தவிர்க்க விமானிகள் உயரத்தை மாற்றினர். வெண்தடம் 54 விழுக்காடு குறைந்தது. அவ்வாறு விலகிப் பறந்த பயணங்களில் எரிபொருள் 2 விழுக்காடு கூடியது. காலநிலைக்கு உகந்த பாதை, சிக்கனமான பாதையாக இருக்க வேண்டியதில்லை என்பதை இந்த இரண்டு எண்களும் தெளிவாகச் சொல்கின்றன.

களமசேரியின் வானம்

எந்த உயரத்தில் எந்தக் காற்று வீசுகிறது, எந்த அடுக்கு ஈரமானது என்ற அறிவு இல்லாமல் இத்தகைய பாதைகளைத் தேர்ந்தெடுக்க முடியாது. தென்னிந்திய வானத்தின் அந்த அறிவு 1958இல் ஒரு முக்கியமான படியை எடுத்தது. இந்திய வானிலைத் துறையின் பி. கோட்டீசுவரம், கோடைப் பருவமழைக் காலத்தில் தீபகற்பத்தின் மேல் கிழக்கிலிருந்து மேற்கே விரையும் வெப்பமண்டலக் கீழைத் தாரைக் காற்றைப் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டார். 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும் ஆறு அது. பயணியர் விமானங்கள் அதன் மையத்துக்குச் சற்றுக் கீழே பறந்தாலும் அதன் வேகத்தை உணர்கின்றன. பருவமழையில் கொச்சியிலிருந்து மேற்கே கிளம்பும் விமானத்தை அது முன்தள்ளுகிறது. திரும்பும் விமானத்தை எதிர்க்கிறது. குளிர்காலத்தில் வளைகுடாவை நெருங்கும்போது மேலைக் காற்று கணக்கைத் தலைகீழாக்குகிறது.

2017இல் களமசேரிப் பல்கலைக்கழக வளாகத்தில் வளிமண்டல ரேடார் ஒன்று முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. 205 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் முதல் ரேடார் அவ்வகையில் அதுவே. சென்னையின் டேட்டா பேட்டர்ன்ஸ் நிறுவனம் கட்டியது. 619 அலைவாங்கிகள் கொண்டது. தரையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரம்வரை காற்றின் வேகத்தையும் திசையையும் மேகமிருந்தாலும் மழை பெய்தாலும் இடைவிடாது அளக்கவல்லது. பருவமழையை ஆராய்வதே அதன் முதல் நோக்கம். ஆயினும் அது அளக்கும் அடுக்குகளில்தான் வளைகுடா விமானங்கள் பறக்கின்றன.

ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். ரேடார் காற்றை அளக்கிறது. வெண்தடத்தைக் கணிக்க வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்ந்து வேண்டும். அவற்றுக்குப் பலூன்களும் செயற்கைக்கோள்களும் உண்டு. வெப்பமண்டலத்தில் வெண்தடம் உருவாகப் போதிய குளிர், ஐரோப்பிய வானத்தைவிட உயரமான அடுக்குகளில்தான் கிடைக்கிறது. அதே அடுக்குகளில் பருவமழையின் இடிமேகங்கள் ஈரத்தைக் கொட்டுகின்றன. எனவே வட அட்லாண்டிக் வானத்துக்காகச் செய்யப்பட்ட கணக்கை அரபிக்கடலின் மீது அப்படியே விரிக்க முடியாது. இங்குள்ள வானத்தை இங்குள்ள அளவீடுகளைக் கொண்டுதான் படிக்க வேண்டும்.

இதற்குக் காத்திருக்க அவகாசம் குறைவு. 1960க்குப் பின்வந்த நாற்பது ஆண்டுகளில் புதிய விமானங்களின் எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 70 விழுக்காடு மேம்பட்டது என 1999இல் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு மதிப்பிட்டது. ஆனால் 1960க்கும் 2018க்கும் இடையில் விமானப் போக்குவரத்தின் ஆண்டு கார்பன் டை ஆக்சைடு வெளியீடு 6.8 மடங்கானது. மலிவான இருக்கை மேலும் பல பயணியரை அழைத்து வந்தது. சிக்கனம் மட்டுமே காலநிலையைக் காக்கும் என்ற நம்பிக்கைக்கு வரலாறு தரும் விடை இது. பன்னாட்டுப் பயணங்களுக்கான உலகளாவிய ஈடுசெய் திட்டம் 2027இல் இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்குக் கட்டாயமாகிறது. அதுவும் கார்பன் டை ஆக்சைடை மட்டுமே எண்ணுகிறது. பிற தாக்கங்களைக் கண்காணிக்கும் கடமையை ஐரோப்பிய ஒன்றியம் 2025இல்தான் விமான நிறுவனங்கள்மீது சுமத்தத் தொடங்கியது.

1986இல் எண்ணெய் விலை சரிந்ததும் ஒரு நல்ல எஞ்சின் கிடப்பில் போடப்பட்டது. பணமிச்சம் தரும் ஆய்வுக்குச் சந்தையே புரவலராகிவிடும். பணமிச்சம் தராத ஆய்வைத் தாங்க வேண்டியவை பல்கலைக்கழகங்களும் பொது நிறுவனங்களும் அரசின் விதிகளுமே. விமானப் பொறியியல், வளிமண்டல அறிவியல், பொருளாதாரம் ஆகியவற்றைத் தனித்தனித் துறைகளாகப் பயிலும் மாணவர்களுக்கு இதில் ஒரு பொதுக் கேள்வி காத்திருக்கிறது: கொச்சிக்கும் துபாய்க்கும் இடையே, ஆண்டின் எந்த மாதத்தில், இரவின் எந்த வேளையில், எந்த உயரத்தில் பறப்பது பூமிக்கு மிகக் குறைந்த வெப்பத்தைத் தரும்? அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வதற்கு வேண்டிய காற்றின் பதிவுகளில் ஒரு பகுதி களமசேரியில் சேர்ந்துகொண்டிருக்கிறது.